புறாமலை தெரியுதா?

எங்க ஊர் மேல்மலையனூர். அமாவாசைக்கு அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க ஊர் தாங்காத கூட்டம் வரும். பஸ் எங்க நிக்கும், குளிக்க எங்க போகணும், எலுமிச்சை மாலை எங்க கிடைக்கும்னு கேட்கிறவங்களுக்கு வழி சொல்லியே வளர்ந்தவன் நான். முதல்முறையா நானே வழி கேட்டு நின்றது 2025 ஜூன்ல, இலங்கையில.

மாமா கொழும்புல ஒரு கட்டுமான கம்பெனியில சைட் இன்ஜினியர். "செமஸ்டர் லீவுல மொபைலை நோண்டிட்டுக் கிடக்கிறதுக்கு இங்க வாடா"ன்னு டிக்கெட் போட்டுட்டார். ஊர்ல இருந்து சென்னை ஏர்போர்ட் போக நாலு மணி நேரம். அங்கிருந்து கொழும்பு போக ஒன்றரை மணி நேரம்கூட ஆகல.

ஹாஸ்டல்ல எல்லாரும் ட்ரீட் கேட்டாங்க. என் ரூம்மேட் மட்டும் எதுவும் கேட்கல. அவன் கீழ்ப்புத்துப்பட்டு முகாம்ல பிறந்தவன். அவங்க அம்மாவுக்குத் திருகோணமலை பக்கம் நிலாவெளி. 1990-ல சண்டை மறுபடி தொடங்கினப்போ பதினோரு வயசுல படகேறி வந்தவங்க. அவன் தமிழ்நாட்டுலயே பிறந்தாலும் இந்தியக் குடிமகன் இல்ல. 1987 ஜூலைக்கு அப்புறம் இங்க பிறந்தவங்களுக்கு, அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். மூணு வருஷம் ஒரே ரூம்ல இருந்தும் இது எனக்குத் தெரிஞ்சது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிச்ச அன்னைக்குத்தான். "வாடா, உனக்கும் சேர்த்துப் போட்டுடலாம்"னு நான் சொன்னேன். அவன் சிரிச்சான். கிளம்புற அன்னைக்கு, "அம்மா உன் நம்பர் கேட்டாங்க, கொடுத்திருக்கேன்"னு மட்டும் சொன்னான்.

முதல்ல சிகிரியா. டிக்கெட் கவுண்டர்ல உள்நாட்டுக்காரங்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு வரிசை. நான் பாஸ்போர்ட்டை நீட்டிக்கிட்டு இரண்டாவதுல நின்னேன். காட்டுக்கு நடுவுல சுமார் 180 மீட்டருக்குச் செங்குத்தா நிக்கிற ஒத்தைப் பாறை. அப்பாவைக் கொன்னு பட்டத்துக்கு வந்த காசியப்பன், தம்பிக்குப் பயந்து அஞ்சாம் நூற்றாண்டுல அது மேல அரண்மனை கட்டிக்கிட்டான். தம்பி முகலன் தப்பி ஓடினது எங்கன்னு நினைக்கிறீங்க? கடல் தாண்டி நம்ம பக்கம்தான். பல வருஷம் கழிச்சுப் படையோட திரும்பிப் போய் ஜெயிச்சான்.

ஆயிரத்து இருநூறு படி. நடுவுல பாறை மடிப்புல அந்தப் பெண் ஓவியங்கள், அப்புறம் பிரமாண்டமான சிங்கப் பாதங்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்தப்போ பக்கத்துல ஒரு கைடு, "எந்த ஊர்?"னு தமிழ்லயே கேட்டார். செஞ்சி பக்கம்னேன். "அங்கயும் ஒரு மலைக்கோட்டை இருக்கே, மேல இருந்து பார்த்தா எப்படி?"ன்னார். ராஜகிரி எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா முக்கால் மணி நேரம். உயரத்துல சிகிரியாவை விடக் குறைஞ்சதில்ல. அதுல நான் பாதிக்கு மேல ஏறினதே இல்ல. ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். (அடுத்த மாசமே செஞ்சி யுனெஸ்கோ பட்டியல்ல வந்துடுச்சு. இன்னும் ஏறல.)

சாயங்காலம் மின்னேரியா. மகாசேனன் கட்டின குளம், ஆயிரத்து எழுநூறு வருஷம் பழசு. மழையில்லாத மாசங்கள்ல தண்ணி வத்தி, கரையில பச்சைப்புல் முளைக்கும். அதை மேய யானைங்க கூட்டம் கூட்டமா வரும். ஆகஸ்ட், செப்டம்பர்லதான் பெருங்கூட்டமாம். நான் முப்பத்தி நாலு வரைக்கும் எண்ணினேன். ஒண்ணுக்குக்கூடத் தந்தம் இல்ல. இலங்கையில ஆண் யானைகள்லயே பெரும்பாலானதுக்குத் தந்தம் வராதாம். ஒரு குட்டி அம்மா கால் நடுவுல நின்னு, தும்பிக்கையை என்ன பண்றதுன்னு தெரியாம சுழட்டிக்கிட்டே இருந்தது. ஜீப்பெல்லாம் சுத்தி வளைச்சதும் தாய் யானைங்க குட்டிகளை உள்ள தள்ளி வட்டமா நின்னுடுச்சு. அதுக்கு மேல கிட்ட போக எனக்கு மனசு வரல.

மறுநாள் திருகோணமலை. போர்த்துக்கீசியர்கள் 1622-ல கோணேசர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லை வச்சே கோட்டை கட்டினாங்க. இப்போ கோட்டைக்குள்ள புள்ளிமான்கள் நம்ம ஊர் ஆடு மாதிரி ரோட்டுல திரியுது. ஒண்ணு என் பையில மூக்கை விட்டு பிஸ்கட் பாக்கெட்டைத் தேடுச்சு.

அதுக்கு அடுத்த நாள் காலையில நிலாவெளி. கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துல புறாத்தீவு. 2003-ல இருந்து தேசியப் பூங்கா. படகுல போய், கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள முகத்தை வச்சேன். பவளப்பாறை மேல மஞ்சளும் நீலமுமா மீன்கள். துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா ஒண்ணு என்னைக் கண்டுக்காம போச்சு. நான்தான் கத்தினேன்.

கரைக்குத் திரும்பி, ஈரத் துணியோட ரூம்மேட் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"தம்பி, புறாமலை தெரியுதா?" அதுதான் முதல் கேள்வி. தீவைத்தான் கேட்கிறாங்கன்னு புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. காட்டினேன். "ஓம், அதுதான், அதுதான். அதுக்கு நேரே கரையில ஒரு கிணறு இருக்கும். பாரு." போனைத் தூக்கிப் பிடிச்சு நடந்தேன். ஒரு ஹோட்டல் மதில், நீச்சல் குளம், வெயில்ல சாஞ்சு கிடக்கிற நாற்காலிங்க. கிணறு இல்ல. சுனாமி எடுத்ததோ, ஹோட்டல் மூடினதோ. அவங்களும் கேட்கல.

"காலையில அந்தத் தீவுக்குப் போனேம்மா, சுறா பார்த்தேன்"னேன். "சுறாவோ! எங்கட அப்பா தினம் வள்ளத்துல அதைச் சுத்தித்தான் போவார். நாங்க ஒருநாளும் அங்க இறங்கினதில்ல." கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் போச்சு. "தண்ணி அதே நிறம்தான்"னாங்க. அப்புறம், "உனக்கு நெட் காசு போகப்போகுது, வைக்கிறன்" என்று வச்சுட்டாங்க. ரூம்மேட் அவங்க பின்னாடி கட்டில்ல படுத்திருந்தான். கேமரா பக்கம் வரவே இல்ல.

காலேஜ் திறந்ததும், வாங்கி வந்த மஞ்சி பிஸ்கட்டைப் பிரிச்சுத் தின்னுக்கிட்டே போட்டோ எல்லாம் காட்டினேன். யானை, மான், சுறாக்கு பதிலா விழுந்த மங்கல் நீலம், எல்லாத்தையும் வேகமா தள்ளினான். சிகிரியா கவுண்டர் போட்டோல மட்டும் நின்னான். மாமா விளையாட்டா எடுத்தது, நான் பாஸ்போர்ட்டோட வரிசையில நிக்கிறேன்.

"நான் போனா எந்த வரிசைடா?"ன்னு கேட்டான்.

நான் பிஸ்கட்டை மென்னுக்கிட்டே இருந்தேன்.