தனி டப்பா இல்லாத பிறந்தநாள்

பெரிய முதலியார்சாவடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெரு ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. அந்த வீட்டுச் சிறுமி யாருடைய பிறந்தநாளுக்குப் போனாலும் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். உள்ளே நாலு கடலை மிட்டாய். மற்ற பிள்ளைகள் கேக் சாப்பிடும்போது அவள் டப்பாவைத் திறப்பாள். யாரும் கேலி செய்ததில்லை. ஆனால், ‘எனக்கும் ஒண்ணு கொடு’ என்று யாரும் கேட்டதுமில்லை.

பாலும் முட்டையும் அவளுக்கு ஆகாது. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது ஒரு ரகம். பாலிலுள்ள புரதத்தையே உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போவது இன்னொரு ரகம். இவளுக்கு இரண்டாவது.

வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் இரண்டு வருடம் முன்பு ஒரு மதியம், ஆயா பருப்பு சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டிவிட்டார். “பால்தானே ஆகாது, நெய் ஒரு சொட்டு என்ன பண்ணிடப்போவுது?” என்று நினைத்துவிட்டார். எத்தனை உருக்கினாலும் நெய்யில் பால் புரதம் துளியாவது தங்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பத்தே நிமிடம். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் புதுச்சேரிக்கு ஓடினார்கள். ஊசி போட்ட பிறகுதான் குழந்தைக்கு மூச்சு சீரானது.

மருமகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டிலிருந்த நெய் ஜாடியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால், அன்றிலிருந்து ஆயா பேத்திக்கு ஒரு வாய் ஊட்டவில்லை. சமையற்கட்டுக்குள் வருவதையே விட்டுவிட்டார். வாசலில் கோலம் போடுவதோடு சரி.

இந்த வருடம் எட்டாவது பிறந்தநாள். “என்னடி வேணும்?” என்று அம்மா கேட்டதற்கு, “பாண்டியில கண்ணாடிக்குள்ள வெச்சிருப்பாங்களே, குட்டிக் கிண்ணம் மாதிரி, மேல பழம் வெச்சு... அது” என்றாள் மகள். டார்ட்! பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அவர்களுடைய பேக்கரிப் பழக்கம் புதுச்சேரியை விட்டுப் போகவில்லை. ஆனால், அந்தக் கிண்ணத்தின் மாவில் வெண்ணெய், உள்ளே பால், முட்டை. மூன்றும் இவளுக்கு விஷம்.

அம்மாவுக்கு ஆரோவில் சாலைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை. பால், முட்டை, நெய், தேன் என்று உயிர்களிடமிருந்து வரும் எதையும் தொடாத ‘வீகன்’ விருந்தினர்கள் அங்கே அடிக்கடி வருவார்கள். 1944-ல் இங்கிலாந்தில் பிறந்த சொல் அது. அவர்களுக்காகக் கற்ற வித்தையை மகளுக்காக வீட்டில் செய்து பார்க்க முடிவெடுத்தார்.

பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிறு, முதல் ஒத்திகை. ஒன்றரை கப் மைதா, அரை கப் தேங்காய் எண்ணெய், மூன்று டேபிள்ஸ்பூன் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்தால் மாவு கையில் வழுக்கியது. கிண்ணத்தில் அழுத்தினால் எண்ணெய் கசிந்தது. வெந்ததும் அப்பளம் போலப் பொடிந்து உதிர்ந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா உள்ளே பார்க்காமலே சொன்னார்: “இந்த வெயில்ல எண்ணெய் உருகித்தான் கெடக்கும். பிரிட்ஜில வெச்சு எடும்மா.”

அதுதான் சூட்சுமம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். கடற்கரை ஊரில் அது உறைந்திருக்கும் நாளே அரிது. வெண்ணெய் செய்யும் வேலையை அது செய்ய வேண்டுமென்றால் கெட்டியாக இருக்க வேண்டும். மறுமுறை உறைந்த எண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்து, மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்டி, அரைமணி நேரம் பிரிட்ஜில் வைத்தார் அம்மா. பிறகு 12 சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் பரப்பி, முள்கரண்டியால் குத்திவிட்டார்.

வீட்டில் ஓவன் கிடையாது. கனமான குண்டானில் மரக்காணம் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு போட்டு, மூடி பத்து நிமிடம் சூடாக்கினார். கிண்ணங்களை நாலு நாலாக உள்ளே வைத்து, சிறு தீயில் அரைமணி நேரம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்து ஆறவிட்டார். இந்த உப்பு சமையலுக்கு ஆகாது. அடுத்த பேக்கிங்குக்கு எடுத்து வைக்கலாம்.

உள்ளே நிரப்ப, கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு கப், வடிகட்டிய வெல்லப்பாகு அரை கப், நான்கு டேபிள்ஸ்பூன் சோள மாவு, ஏலக்காய். சோள மாவை ஆறிய தேங்காய்ப்பாலிலேயே கரைத்து, கட்டி தட்டாமல் கிளறினால் ஐந்து நிமிடத்தில் களிபோல் இறுகும்.

ஆயா எட்டிப் பார்த்தார். “மேல மாவு, உள்ள வெல்லமும் தேங்காயும். இது நம்ம கொழுக்கட்டைதானே! இதுக்கு எதுக்கு வெள்ளக்காரன் பேரு?”

மருமகள் சிரித்தார். “அலங்காரம் பண்ணணும் அத்தை. வாங்க, உங்க கைதான் வேணும்.”

ஆயா முகம் சுருங்கியது. “வேணாம்மா. என் கையால மறுபடியும் ஏதாவது ஆயிட்டா?”

“இங்க ஆகாத பொருள் ஒண்ணுகூட இல்ல அத்தை. எல்லாப் பாக்கெட்டையும் படிச்சிட்டுதான் எடுத்து வெச்சிருக்கேன். கையை மட்டும் கழுவிட்டு வாங்க.”

படிப்பது என்றால் சும்மா இல்லை. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று மட்டுமே அர்த்தம். உள்ளே பால் இருக்கலாம். வீகன் உணவுக்கென்று ‘வி’ எழுத்துடன் தனிப் பச்சை முத்திரையே இப்போது உண்டு. அது இருந்தாலும், ‘பால் கலந்திருக்க வாய்ப்புண்டு’ என்ற பொடி எழுத்து வரியைத் தேட வேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த வரிதான் முக்கியம்.

ஆயா கை கழுவிக்கொண்டு வந்தார். இரண்டு வருடம் கழித்து!

ஊறவைத்த முந்திரியைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு வெண்ணெய் போல் அரைத்து, மருதாணி கோன் மாதிரி சுருட்டிய பிளாஸ்டிக் தாளில் நிரப்பியிருந்தார் அம்மா. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். அதில் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் ஊதா. பேத்தி இதையே பத்து முறை செய்து பார்த்துக் கைதட்டினாள். பீட்ரூட்டில் இளஞ்சிவப்பு வந்தது.

ஆயா கோனை வாங்கினார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத டார்ட்டில் ஐந்து புள்ளி வைத்து, கை நடுங்காமல் ஒரு சிக்குக்கோலம் இழுத்தார். பேத்தி வாய் பிளந்தாள். பிறகு அவளும் ஆரம்பித்தாள். முந்திரிக் கால் வைத்த நண்டு. வாழைப்பழப் படகு. திராட்சை மீசை வைத்த அப்பா. விரிசல் விட்ட ஒரு டார்ட்டைத் தூக்கிப் போட மனமில்லை. அதன்மேல் வெள்ளைக் கிரீமால் பாத்தி கட்டி, சர்க்கரையைக் குட்டிக் குட்டிக் குவியலாக வைத்து, “மரக்காணம் உப்பளம்!” என்றாள். சென்னை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே அவள் பார்த்ததுதான்.

பிறந்தநாளன்று, வரும் பிள்ளைகளில் யாருக்காவது முந்திரி ஆகாதா என்று அம்மா முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். அந்தக் கவலை என்னவென்று தெரிந்தவராயிற்றே!

சாயங்காலம் தட்டு வந்தது. “எனக்கு நண்டு!”, “எனக்கு உப்பளம்!” என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். தட்டை ஏந்திப் பரிமாறியவள் பிறந்தநாள் பெண்தான். பக்கத்து வீட்டுப் பையன் பழக்க தோஷத்தில் கேட்டான்: “உன் டப்பா எங்க?”

“இன்னிக்கு டப்பா இல்ல. எல்லாரும் சாப்பிடுறதுதான் எனக்கும்.”

கடைசியில் தட்டில் மிஞ்சியது கோலம் போட்ட டார்ட் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு நேராக ஆயாவிடம் போனாள்.

“ஆயா, ஊட்டிவிடு.”

ஆயா மருமகளைப் பார்த்தார். மருமகள் தலையசைத்தார். ஆயா டார்ட்டை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பேத்தியின் வாயில் வைத்தார். பத்து நிமிடம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகே மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.