பக்கத்தில்தானே நின்றேன்!

"எனக்குன்னு யாரு இருக்கா ஐயா? ஒண்ணுமில்லாம கிடக்கேன்."

ஜெபிக்க வந்த போதகரிடம் அத்தை இப்படிச் சொன்னபோது, தலைமாட்டில் ஹார்லிக்ஸ் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன் நான். 2018-ல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இருதயம் பலவீனம் என்பதால் ஆபரேஷன் செய்யவில்லை. படுக்கையோடு நான்கு மாதம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்திருப்பேன். துடைப்பது, பெட்பான் வைப்பது எல்லாம் நான்தான். யாருமில்லையாமே!

அன்றிரவு ரூத்தின் சரித்திரத்தை எடுத்தேன். கல்யாணப் பிரசங்கங்களில் கேட்டுச் சலித்த கதைதான். மோவாப் தேசத்தில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி, மருமகள் ரூத்தோடு பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் கூடியதும், தன்னை மாராள் என்று கூப்பிடச் சொல்கிறாள். கசப்பு என்று அர்த்தம். தன்னிடம் எதுவுமே மிச்சமில்லை என்று புலம்புகிறாள். ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள்! இத்தனை வருஷமாக இது என் கண்ணில் படவேயில்லை. (எந்தப் பிரசங்கியாரும் சொன்னதாக ஞாபகமில்லை.)

ரூத் பதில் பேசியதாக எழுதியில்லை. அடுத்த அதிகாரத்தில் கதிர் பொறுக்கப் போகிறாள். வயலில் கிடைத்த வறுத்த கோதுமையில் தான் தின்று மீந்ததை மாமியாருக்குக் கொண்டு வருகிறாள். நான் ரூத் இல்லையே. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அடுப்படியில் நின்று அழுதேன். குழம்பு கொதிக்கிற சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன்.

"எம்மா, இங்க வா."

போனேன்.

"நான் டீச்சரா இருந்து ஊரையே அதட்டுனவ. இப்ப நீ என்னைக் கழுவி விடுற. அந்த வெக்கம் தாங்காமத்தான் வாய் அப்படிப் பேசுது. நீ துடைக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்குவேன், பாத்திருப்பியே?"

பார்த்திருக்கிறேன். தூங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன்!

நானும் மறைக்கவில்லை. முதுகு ஒடிகிறது, சில ராத்திரி அலாரம் அடித்தால் எரிச்சலாக வருகிறது என்று சொல்லிவிட்டேன். பொல்லாத மருமகள் என்று நினைத்தால் நினைக்கட்டும். அத்தை கோபிக்கவில்லை. சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு, "ராத்திரி முறை இனி உனக்கும் பாதி" என்றார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளே, இதை நான் முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும்!

"தலையே வாரலையே நீ. சீப்பை எடு."

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். ஒருக்களித்துப் படுத்தபடியே, நடுங்குகிற கையால் பின்னிவிட்டார்கள். பின்னல் கோணல்தான். மறுநாள் கோயிலுக்கும் அப்படியே போனேன்.