போர்மட் அடிக்க முதல்

எங்கட வாசிகசாலைக் கொம்பியூட்டர் ஒரு நாள் ஏறவில்லை. பட்டனை அமத்தினால் காற்றாடி சுத்தும், விண்டோஸ் சின்னம் வரும், நீலமாக ஏதோ மின்னி மறையும், பிறகு முதலிலிருந்து. அரை மணித்தியாலம் விட்டுப் பார்த்தாலும் அதே சுற்றுத்தான்.

கடையில் பெட்டியைத் திறக்கவேயில்லை. "விண்டோஸ் பழுது, போர்மட் அடிக்கோணும்" என்றார்கள். எந்தக் காய்ச்சலுக்கும் பனடோல் மாதிரி, எங்கட பக்கம் எந்தக் கொம்பியூட்டர் வருத்தத்துக்கும் இதுதான் மருந்து.

அந்த ஹாட் டிஸ்க்கில் இருந்தது படங்களும் பாட்டுகளும் மட்டுமென்றால் நாங்களும் ஓம் எண்டிருப்போம். ஆனால் அதில் எங்கட ஊர்க் கடற்தொழிலாளர் பதினொரு பேரின் குரல் இருந்தது. வாடை எப்ப திரும்பும், சோழகத்தில் எந்தப் பக்கம் வலை விடலாம் எண்டெல்லாம் அவையள் இருந்து கதைச்சது. மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை.

பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்து யோசித்தோம். விண்டோஸ் சின்னம் வரை வருகிறதென்றால் பவர் சப்ளையும் றாமும் ஓரளவு சுகம், டிஸ்க்கும் வாசிக்கப்படுகிறது. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் சத்தமும் இல்லை. அந்தச் சத்தம் வந்தால் கதை வேற, உடனே நிப்பாட்ட வேணும்.

முதல் வேலை குரல்களை வெளியில் எடுப்பது. உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கொம்பியூட்டரை எழுப்பினோம். இப்படிச் செய்தால் டிஸ்க்கில் இருக்கிற விண்டோஸ் ஓடாது. கோப்புகளை மட்டும் திறந்து பார்க்கலாம். எல்லாம் அப்படியே இருந்தது. பிரதி எடுத்து முடியும்வரை ஒருத்தரும் தேத்தண்ணிக்குக்கூட எழும்பவில்லை.

அதன்பிறகுதான் நோய் பார்த்தோம். விண்டோஸ் 7 பிழை வந்தவுடன் தானாக மறுபடி தொடங்கிவிடும், அதனால்தான் நீலத் திரை நிற்கவில்லை. தொடங்கும்போது எஃப் 8 ஐ அமத்தி அந்தத் தானியங்கியை நிறுத்தினால் எழுத்தை வாசிக்கலாம். வந்த இலக்கம் 7பி: விண்டோஸால் தன்னுடைய டிஸ்க்கையே அணுக முடியவில்லை. பயோஸுக்குள் போனால் திகதி 2009 ஜனவரி 1!

குற்றவாளி மதர்போர்டில் இருக்கிற காசளவு பட்டரி, சீ.ஆர். 2032. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதற்குப் பெரிய வேலையில்லை. கரண்ட் இல்லாத நேரமெல்லாம் மணிக்கூட்டையும் பயோஸ் அமைப்புகளையும் அதுதான் காப்பாற்றுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, அப்போது இந்தக் கிழட்டுப் பட்டரியும் எங்களோடு சேர்ந்து முழிச்சிருந்திருக்கு. அது செத்ததும் பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பி, டிஸ்க்கை ஏ.எச்.சி.ஐ. முறைக்குப் பதிலாக ஐ.டி.ஈ. முறையில் காட்டியிருக்கிறது. விண்டோஸுக்கு அந்த வழி தெரியாது, அவ்வளவுதான்.

மணிக்கூட்டுக் கடையில் பட்டரி வாங்கிப் போட்டு, திகதியைச் சரிசெய்து, ஏ.எச்.சி.ஐ. ஐத் திருப்பித் தெரிவு செய்தோம். பழைய திரைப்படம் அப்படியே வந்தது.

குரல்கள் இப்போது இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று வாசிகசாலையில். மற்றது, இறந்துபோன ஐயா ஒருவரின் மகளிடம். அந்த வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. அக்கா அதைச் சாமியறையில் வைத்திருக்கிறா.