தாயின் பங்குப் பால்

நம் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை சூளையில் வெந்து இறுகியபின் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. கீறல் விழுந்தால் விழுந்ததுதான். ஆண்டவர் நமக்கு ஈந்த எலும்போ அத்தகையதன்று. கல்போல் இறுகியிருப்பினும் அது உயிருள்ளது. பழைய பகுதி கரைய, அவ்விடத்தே புதியது வளர்ந்துகொண்டேயிருக்கும்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால், பெண்களுக்கு எலும்பு வளர்வதினும் கரைவது மிகுதியாகின்றது. முதற்சில ஆண்டுகளில் இவ்விழப்பு மிக விரைவானது. வலியின்றி நிகழ்வதால், இடறி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறியும்வரை நாம் அதனை அறிவதில்லை. தாயின் முதுகு கூனுவதை முதுமையின் இயல்பென்று எண்ணுகிறோம். முதுகெலும்பு நலிந்து நசுங்கியதாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, எலும்பின் அடர்த்தியைச் சோதிப்பது நலம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பாலூட்டும் தாய்க்கும் அதே அளவுதான். பிள்ளை பெற்றவளுக்குப் பாலும் பத்தியமும் தந்து பேணும் நாம், அவளே பாட்டியானபின் எஞ்சியதை உண்ண விட்டுவிடுகிறோம். எல்லாரும் அருந்தியபின் பால் எஞ்சுவதேது?

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பால், தயிர், முருங்கைக்கீரை, எள் ஆகியனவும் துணைபுரியும். உடலில் வெயில் பட வேண்டும். இயன்றவரை கோயிலுக்கு நடந்தே செல்வதும் எலும்புக்கு உரமாகும்.

தாயைப் போற்றப் பணிக்கும் நான்காம் கட்டளையை, அவளுக்குரிய பாலை முதலில் எடுத்துவைத்தும் நிறைவேற்றுவோம்.