யாருடைய வீடு?

"அந்த வீடு எப்பம்மா என் வீடாச்சு?" பெண்கள் சிறையின் நேர்காணல் அறையில் அந்த அக்கா என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

வீட்டுப் பட்டா மாமனார் பெயரில். மின் இணைப்பு கணவர் பெயரில். அக்காவின் பெயர் வெட்டியிருந்தது, சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் மட்டும். போலீஸ் வந்தபோது கணவர் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார். பரணில் இருந்த மூட்டையில் 22 கிலோ கஞ்சா. மகஜரில் 'எதிரியின் வீடு' என்று எழுதினார்கள். எதிரி, அக்கா.

ஒரு பொருள் நம் கைவசம் இருக்கிறது என்று சொல்ல, சட்டத்தில் இரண்டு விஷயங்கள் வேண்டும். அது நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அது இருப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதன்லால் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் பேசியதும் இந்த 'அறிந்து வைத்திருத்தல்' பற்றித்தான். வழக்கமாக, குற்ற மனநிலையை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது 35ஆம் பிரிவு. இல்லை என்று எதிரிதான் காட்ட வேண்டும். அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. 37ஆம் பிரிவு ஜாமீன் கதவையும் ஏறக்குறைய சாத்திவிடுகிறது.

தெரியாது என்பதை ஒருத்தி எப்படி நிரூபிப்பாள்?

"மூட்டையப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேம்மா. என்னன்னு கேட்டேன். உன் சோலியப் பாருன்னாரு. மறுபடி கேட்டா அடி விழும்."

பேனாவை மூடிவைத்தேன். 'நம்புவதற்குக் காரணம் இருத்தல்' என்பதும் அந்தப் பிரிவின்படி குற்ற மனநிலைதான். கேட்டாள் என்றால் சந்தேகப்பட்டிருக்கிறாள் என்பார் அரசு வழக்கறிஞர். கேட்காதே என்று வளர்க்கப்பட்டு, கேட்டதற்கு அடிபட்டு, கடைசியில் கேட்டதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அன்றிரவு அம்மாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு பீரோவின் லாக்கர் சாவி கடைசிவரை அப்பாவின் இடுப்பில்தான் இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் பகலில் யார் வந்து கதவைத் தட்டினாலும் வீட்டில் இருந்தவர் அம்மாதான்.

ஜாமீன் மனு தள்ளுபடியானது. ஒரே வீட்டில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டது நீதிமன்றம். எனக்கு மிஞ்சிய பிடி 2008ஆம் ஆண்டின் நூர் ஆகா தீர்ப்பு. அந்த அனுமானம் செல்லும் என்று சொன்ன அதே தீர்ப்பு, அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்த பிறகே அது எழும் என்றும் சொன்னது. அதாவது, பரண் அக்காவின் கட்டுப்பாட்டில் இருந்ததை முதலில் அவர்கள் காட்ட வேண்டும்.

குறுக்கு விசாரணையில் ஆய்வாளரிடம் கேட்டேன். "பரணை யார் பயன்படுத்தினார் என்று விசாரித்தீர்களா?"

"இல்லை."

"வீட்டு ஆவணம் எதிலாவது இவர் பெயர் இருக்கிறதா?"

"இல்லை."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அந்த இரண்டு 'இல்லை'களையும் சிறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"அதத்தானம்மா நான் அன்னைக்கே கேட்டேன்" என்றார்.