மெத்தென்ற தரை

ஸ்லைடின் மூலையில் தரை மெத்தென்று இருக்கிறது என்று நான் முதலில் சொன்னது 2017 ஜூனில். சோபாவின் இடது கால் பக்கம், ஜன்னலுக்கு நேர் கீழே. வெறுங்காலோடு பெருக்கிக்கொண்டு போனபோது அந்த ஓரிடத்தில் மட்டும் கால் லேசாகப் புதைந்தது. வெளியே கரி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன். "வண்டின்னா அப்படித்தான் இருக்கும். இது என்ன வீடா?" என்றார். அடுத்த வருஷமும் சொன்னேன். "நீ கொஞ்சம் வெயிட் போட்டிருக்க" என்று சிரித்தார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு பாயை விரித்துவிட்டேன். அவர் சொன்னதைவிட, நான் அந்தப் பாயை விரித்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

டிராவல் டிரெய்லரைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு அது. எங்களுடையது 28 அடி நீளம். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. சாலையில் போகும்போது எட்டடி அகலம்தான். நிறுத்திய இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கச் சுவரில் ஒரு பகுதி சோபாவோடும் சாப்பாட்டு மேசையோடும் சேர்ந்து மூன்றடி வெளியே நகர்ந்து நிற்கும். அதுதான் ஸ்லைடு-அவுட். மேசை டிராயரை இழுத்து வைத்ததுபோல, அதற்குள் நாம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

டெக்சாஸில் நான் நர்ஸ். 2013இல் செய்த இந்த டிரெய்லரை 2014இல் இரண்டாம் கையாக வாங்கினோம். பணத்தில் பாதிக்கு மேல் என் இரவு ஷிப்ட்டுகள். பத்திரம் அவர் பெயரில். முதல் நாளிலிருந்தே யாரும் பேசி முடிவு செய்யாமல் வேலைகள் பிரிந்துவிட்டன. வண்டியில் மாட்டுவது, சக்கரம், மட்டம், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கரண்ட் எல்லாம் அவருக்கு. கதவுக்கு உள்ளே இருப்பதெல்லாம் எனக்கு. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் நான் வெளியே நின்று கை காட்ட வேண்டும், அப்புறம் கை காட்டியது தப்பு என்று திட்டு வாங்க வேண்டும். எந்த முகாமுக்குப் போனாலும் மாலை ஐந்து மணிக்கு இந்தச் சண்டை கேட்கும். மொழிதான் வேறு.

1954இல் லூசில் பால் நடித்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்று ஒரு நகைச்சுவைப் படம் உண்டு. புதுமணத் தம்பதி டிரெய்லரில் ஊர் சுற்றுகிறார்கள். மனைவி போகிற இடமெல்லாம் கல் பொறுக்குகிறாள். கணவன் தூக்கிப் போடச் சொன்ன பிறகும் ஒளித்து வைக்கிறாள். அந்தக் கனத்தோடு மலைப்பாதையில் வண்டி தடுமாறும் காட்சிக்கு என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு முன்கொக்கியின் மேல் இறங்க வேண்டும், அதற்குக் குறைந்தால் வண்டி பாம்பு மாதிரி ஆடும் என்பதை அந்தக் கணவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், கற்களை எங்கே அடுக்கலாம், எத்தனையை விட்டுவிட வேண்டும் என்று அவளே கணக்குப் போட்டிருப்பாள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. பருப்பு டின்களைப் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில்தான் எட்டு வருஷம் அடுக்கினேன்.

2021 அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது, வலது கை போயிற்று. "டிரெய்லரை வித்துடுங்க" என்று மகன் போனில் சொன்னான், அவரும் சரி என்றார். என்னைக் கேட்கவில்லை. கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்ற அந்த வெள்ளைப் பெட்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு அது வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த கோடை வரைக்கும் டைம் கொடுங்கள் என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, நான் செய்து பழகினேன். அவருடைய அறிவு நாக்கில் இல்லை, கையில் இருந்தது. "அதைப் பிடிச்சு இப்படி…" என்று இடது கையைக் காற்றில் திருப்புவார். எனக்கு எதுவும் புரியாது. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும்போது எழுதுகிற குறிப்பைப்போல ஒரு நோட்டில் தமிழில் எழுதத் தொடங்கினேன். வண்டியைக் கழற்றும் முன் பக்கவாட்டு மட்டம் பார். தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகையில் ஏற்று. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. அதன் பிறகே கொக்கியைக் கழற்று. முன்ஜாக்கால் முன்பின் மட்டம் சரிசெய். நான்கு மூலைக் கால்களையும் இறக்கு, அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க இல்லை. கடைசியில்தான் ஸ்லைடு. மட்டம் தப்பி ஸ்லைடைத் தள்ளினால் சட்டகம் திருகிக்கொள்ளும், மோட்டார் திணறும்.

டிரெய்லரின் முகப்பில் ஒட்டியிருந்த சின்ன ரசமட்டத்தையும் அதற்குள் ஓடும் குமிழியையும் முதன்முதலாகக் குனிந்து பார்த்தபோது அம்மா ஞாபகம் வந்தது. அம்மா பாளையங்கோட்டையில் சித்தாள். முப்பது வருஷம் சாந்துச் சட்டி சுமந்தாள். அவளோடு வேலைக்கு வந்த பையன்கள் நாலைந்து வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனார்கள். அம்மாவிடம் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை. ஆனால் சுவர் தப்பினால் கீழே நின்றே சொல்லிவிடுவாள், "அந்த மூல எறங்கியிருக்கு" என்று. கொத்தனார் காதில் விழாததுபோல் இருப்பார். கொஞ்ச நேரம் கழித்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தானே கண்டுபிடித்த மாதிரி இடித்துக் கட்டுவார். அவராவது ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார்.

2022 மார்ச்சில் டார்ச்சோடு ஸ்லைடுக்கு அடியில் படுத்தேன். கீழ் மூலையில் ரப்பர் சீல் கிழிந்து தொங்கியது. பெய்த மழையெல்லாம் அந்த வழியாக ஏறியிருக்கிறது. ஸ்லைடின் தரை மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை. ஓரத்தில் ஈரம் பட்டால் உறிஞ்சிக்கொண்டு ஊறும். ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், ஈர ரொட்டிக்குள் போவதுபோல் போயிற்று. சரியாக நான் பாய் விரித்த இடம். டயர்களையும் பார்த்தேன். பக்கவாட்டில் அச்சடித்த கடைசி நான்கு எண் 2313, அதாவது 2013ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். பள்ளங்கள் புதுசுபோல் ஆழமாக இருந்தன, ரப்பருக்கோ கிட்டத்தட்ட ஒன்பது வயது. அதன் மேல்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறோம்.

அவரைக் கைத்தடியோடு நடத்திக் கூட்டிவந்து, இடது கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "நீ சொன்ன" என்றார். ஐந்து வருஷம் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, டீ போடப் போய்விட்டேன்.

பழுதுபார்க்கும் கடையில் டிரெய்லரின் பாதி விலையைச் சொன்னார்கள். உன் கணவர் வந்தால் விவரமாகப் பேசலாம் என்றும் சொன்னார்கள். எதிர்வீட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி இருக்கிறார். அவரிடம் ரம்பம் இருந்தது, அதைவிட முக்கியமாக நேரம் இருந்தது. மூன்று வாரக் கடைசிகள் பிடித்தன. ஊறிய பகுதியை வெட்டி எடுத்தோம். மிச்சத்தைக் காயவிட்டு எபாக்சி ஊற்றினோம். புது பிளைவுட் பொருத்தி விளிம்பெல்லாம் அடைத்தோம். புது சீல் மாட்டினோம். இப்போது வருஷத்துக்கு நாலு தடவை சீலைத் துடைத்து அதற்கான மருந்தை அடிக்கிறேன். பெட்ரோலியம் கலந்த எதையும் அதன் பக்கத்தில் விடுவதில்லை. கூரையில் ஏணி போட்டு ஏறி, காற்றுப்போக்கிகளைச் சுற்றிய பூச்சில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். முதல் நாள் ஏறியபோது முழங்கால் நடுங்கியது. இப்போதும் நடுங்கத்தான் செய்கிறது.

அந்த நவம்பரில் இன்க்ஸ் ஏரிக்குப் போனோம். இளஞ்சிவப்புப் பாறைகள், ஓக் மரங்கள். கிளம்புகிற காலையில் ஸ்லைடின் கூரையில் கொட்டிக் கிடந்த ஓக் கொட்டைகளை விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, பொத்தானை அழுத்தினேன். பாதி வந்து நின்றுவிட்டது. பேட்டரி. பக்கவாட்டுத் துளையில் கைப்பிடியைச் செருகிச் சுற்றத் தொடங்கினேன். பக்கத்து இடங்களிலிருந்து இரண்டு ஆண்கள் வந்து, உன் கணவர் எங்கே என்று கேட்டார்கள். "அதோ, காபி போடுகிறார்" என்றேன். இடது கையால் டிகாக்ஷன் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் கைப்பிடியை வாங்கப் பார்த்தார்கள், நான் தரவில்லை. தோள் நாலு நாள் வலித்தது.

உள்ளே பெருக்குவது இப்போது அவர். வெறுங்காலோடுதான், அது நான் வைத்த விதி. போன மாதம் உள்ளிருந்து கூப்பிட்டார்: "ஏ, இங்க ஒரு எடத்துல மெத்துன்னு இருக்கே." கையிலிருந்ததைப் போட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். மிதியடி மடிந்து கிடந்தது, வேறொன்றுமில்லை. ஆனாலும் ஸ்க்ரூடிரைவரால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதினேன்.