படம் தொட்டுப் பேசும் வீடு

ஜூன் 3, செவ்வாய்
தெரபி. இன்னும் வாய்ப்பேச்சு வராத பாப்பா, தொட்டுப் பேசும் படப் பலகையில் இருந்ததெல்லாம் தோசை, பால், பந்து, டிவி. "எல்லாமே கேட்டு வாங்குற சாமான். இதை வச்சு அவ எப்படிச் சண்டை போடுவா?" என்றார் தெரபி மேடம். 'வேண்டாம்', 'இன்னும்', 'ஏன்', 'கோபம்' படங்களையும் சேர்த்துக் கொடுத்தார். நாங்கள் பேசும்போதே அந்தந்தப் படத்தைத் தொட்டுக்கொண்டே பேச வேண்டுமாம். நியாயம்தான். மற்ற பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் முதல் பேச்சு காதில் விழுகிறது. படத்தில் பேசும் ஒருவரைக்கூட இவள் பார்த்ததில்லை.

ஜூன் 5, வியாழன்
படத்தையே பிடித்துக்கொண்டால் பாப்பா வாயே திறக்கமாட்டாளோ என்று என் அத்தைக்கு, அவள் பாட்டிக்கு, பயம். படித்ததைச் சொன்னேன். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படம் போன்ற மாற்று வழிகளைக் கொடுத்து நடந்த ஆய்வுகளை மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். உறுதியான சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருக்கிறது, பெரும்பாலும் கொஞ்சமாக.
"கொஞ்சம்தானே!" என்றார் அத்தை. மத்தியானம் சோறு ஊட்டும்போது 'இன்னும்' படத்தைத் தொட்டது அவர் விரல்.

ஜூன் 9, திங்கள்
காலையில் 'பைக்', 'அப்பா', 'போ', 'நான்' என்று தொட்டாள். அவள் அப்பா ஹெல்மெட்டும் கையுமாக நின்று யோசித்தார். நானும் வரேன் என்கிறாளா, அப்பா மட்டும் போயிட்டார் என்கிறாளா? தமிழில் யார், எப்போது என்பதெல்லாம் வினையின் கடைசியில் ஒட்டி வரும். போனார், போறேன், போகாதே எல்லாவற்றுக்கும் பலகையில் இருப்பது ஒரே படம். வரிசை கலைந்தால் இலக்கணம் வரவில்லை என்று முடிவு கட்டுவதும் அவசரம். நன்றாகப் பேசும் குழந்தைகளைப் படம் காட்டிச் சொல்லச் சொன்னபோது, அவர்களும் பேச்சு வரிசையை அப்படியே பின்பற்றவில்லை என்று சட்டனும் மார்ஃபோர்டும் 1998-இல் எழுதியிருக்கிறார்கள்.
தெருமுனை வரை ஒரு ரவுண்டு கூட்டிப்போனார். சிரிப்பு.

ஜூன் 11, புதன்
படத்தால் பேசுவதைப் பற்றி இன்னொன்றும் படித்தேன். சார்லஸ் பிளிஸ் தன் படக் குறியீடுகளை உருவாக்கியது உலக மக்களெல்லாம் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காக. உலகம் கண்டுகொள்ளவில்லை. 1971-இல் டொரண்டோவில் ஷெர்லி மெக்நாட்டன் அவற்றை செரிப்ரல் பால்ஸி குழந்தைகளிடம் கொண்டுபோனார், அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூன் 14, சனி
அத்தை டிவியை அணைத்தார். பாப்பா தொட்டது: 'பாட்டி', 'ஏன்', 'கோபம்'. கேட்டு வாங்க அதில் ஒன்றுமே இல்லை!
திங்கட்கிழமை பள்ளிப் பையில் பலகையின் நகலோடு இந்தச் சீட்டும் போகும்: "டீச்சர், 'பந்து எது, காட்டு' என்று சோதிக்க வேண்டாம். நீங்களும் படம் தொட்டு அவளோடு பேசுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள்."